ஒரு பொட்டு அழுக்கில்லை

அந்தப் பை மேல கையை வைக்காதீங்க தம்பி. குடுங்க, மடியில வச்சுக்கறேன். கோவிச்சுக்க வேண்டாம். உங்க கையில கடலை மிட்டாய் இருக்கு. பாகு துணியில பட்டா வெந்நீர்ல போயிரும். தாள்ல பட்டா தாளோடதான் போகும். கறையைப் பத்தி எங்கிட்ட யாரும் பேச முடியாது. கோவில்பட்டி மெயின் ரோட்டுல டிரை கிளீனிங் கடை வச்சிருக்கேன். சீனிராஜ்னு கேட்டா சின்னப்பிள்ளை கூட வழி சொல்லும்.

ஜன்னல் சீட்டும் கேக்காதீங்க. வெயில் அடிக்குதேன்னு பாக்காதீங்க, வெயில் பக்கம்தான் எனக்கு வேணும். ஏன்னு அப்புறம் சொல்றேன்.

மதுரைக்குத்தான். நீங்களும் மதுரையா? நல்லது. அங்க ஒரு ஹால்ல இன்னைக்குக் கண்காட்சி. ஓவியர் குருவையாவுக்குப் பாராட்டு விழாவாம். குருவையா யாருன்னு தெரியுமா? தெரியாது. உங்க வயசுக்குத் தெரியாது. சிவகாசியில பருந்து காமிக்ஸ்னு ஒண்ணு வந்துக்கிட்டிருந்துச்சு, மாசம் ஒண்ணு. அட்டையில இருந்து கடைசிப் பக்கம் வரைக்கும் அவர் கைதான். துப்பறியும் ஜெயவீரன், அவன் கூட ரூபான்னு ஒரு பொண்ணு. கார் பறக்கும், கட்டடம் இடியும், எல்லாம் கறுப்பு மையில. ஒரு மழையை வரைவாரு பாருங்க, படிக்கும்போது நம்ம தோள் நனையும்.

எனக்கு அழைப்பு இல்ல. எழுதி வச்சுக்குங்க, இந்த சீனிராஜுக்கு அழைப்பு இல்ல. தமிழ்நாட்டுல பருந்து காமிக்ஸ் வரிசையா, முழுசா, அட்டை கிழியாம, பின் துருப்பிடிக்காம வச்சிருக்கற ஒரே ஆள் நான்தான். எனக்கு இல்ல. எவனெவனுக்கோ இருக்கு. அழைக்காத வீட்டுக்குப் போற ஆள் இல்ல நான். ஆனா இன்னைக்குப் போறேன். இந்தப் பையில இருக்கறதைக் கொண்டுபோயி அவர் முன்னால மேஜையில வைக்கப் போறேன். பாத்துச் சொல்லுங்கய்யா, உங்க புஸ்தகத்தை இவ்வளவு சுத்தமா வச்சிருக்கறவன் வேற எவனாவது உண்டான்னு கேக்கப் போறேன். அவர் வாயால ஒரு வார்த்தை வரணும். எனக்கு அது போதும்.

எல்லாத்துக்கும் காரணம் எட்வின். மதுரையில பேங்க்ல இருக்கான். இந்தக் கண்காட்சியை நடத்தறவனே அவன்தான். குரூப் அட்மின். காமிக்ஸ் சேக்கறவங்களுக்குன்னு வாட்ஸ்அப்ல ஒரு குரூப் இருக்கு, அதுல இவன் வச்சதுதான் சட்டம். பேசினா "அண்ணாச்சி, அண்ணாச்சி"ன்னு தேன் ஒழுகும். அவன் கலெக்‌ஷனைப் பாத்தீங்கன்னா சாப்பாடு இறங்காது. அட்டை இல்லாதது, எலி கடிச்சது, எவனோ சாக்பீஸ்ல கலர் அடிச்சது. கேட்டா, அதுவும் ஒரு வரலாறுதான் அண்ணாச்சிங்கறான். அழுக்குக்கு வரலாறுன்னு பேர் வச்ச முதல் ஆளு இவன்தான்.

எனக்குப் புஸ்தகத்துல கிறுக்கறவங்களைக் கண்டா ஆகாது. பிள்ளைகளைத்தான் சொல்றேன். புதிர்ப் பக்கத்தை நிரப்பி வச்சிருக்கும். கூப்பனை வெட்டி எடுத்திருக்கும். வில்லனுக்குக் கொம்பு வச்சிருக்கும். உள்ள அட்டையில "இந்தப் புத்தகத்தைத் திருடாதே"ன்னு எழுதி, பேர், வகுப்பு, ஊர், ஜில்லா வரைக்கும் போட்டிருக்கும். அந்தக் கை இப்ப என் முன்னால இருந்தா ஒடிச்சிருவேன்.

அதுக்குத்தான் ஒரு வழி கண்டுபிடிச்சேன். பழைய தாளு தம்பி, ரப்பர் போட்டா தாளே பிஞ்சு வந்துரும். பிரட் வாங்கணும். ஓரத்தை எடுத்துட்டு நடுவுல இருக்கற மெத்துனு பாகத்தை உருட்டி, பென்சில் கோட்டு மேல வச்சு ஒத்தி ஒத்தி எடுக்கணும். தேய்க்கக் கூடாது. கோடு பிரட்ல ஏறிரும். அப்புறம் தாளுக்கு மேல வெள்ளை மல்துணியைப் போட்டு, அயர்ன் பாக்ஸை மிதமான சூட்டுல வச்சு ஒரு இழுப்பு. மடிப்பு போயிரும், சுருக்கம் போயிரும். அந்த இடத்துல எவனாவது எதாவது எழுதினான்னு அவனைப் பெத்தவளே சொல்ல முடியாது. முப்பது வருசமா பட்டுச்சேலையில குழம்பு சிந்துனதை எடுத்த கை இது. எட்வின் கிட்ட இதைச் சொன்னேன். "பயமா இருக்கு அண்ணாச்சி"ன்னான். கேட்டீங்களா, பயமாம்.

சாத்தூர் வந்துருச்சா? உள்ள போகாது, பைபாஸ்லயே போயிருவான். போகட்டும்.

விசயத்துக்கு வாரேன். போன வருசத்துக்கு முந்தின வருசம், மழை ஆரம்பிக்கிற சமயம். சிவகாசியில பழைய பேப்பர் கடை வச்சிருக்கற இருளப்பன் போன் போட்டாரு. காமிக்ஸ் எது வந்தாலும் எனக்குச் சொல்லணும்னு அவர்கிட்ட ஏற்பாடு. ஒரு வீட்ல வெள்ளையடிக்கறதுக்காகப் பரண்ல கிடந்ததை எல்லாம் தள்ளி விட்டிருக்காங்க, ஒரு கட்டு இருக்கு, வந்து பாருங்கன்னாரு. கடையைப் பையன்கிட்ட விட்டுட்டு அடுத்த பஸ்ஸைப் பிடிச்சேன்.

கட்டைப் பிரிச்சுப் பாத்தேன். பருந்து காமிக்ஸ். முதல் புஸ்தகத்துல இருந்து வரிசையா. நான் இருவது வருசமா தேடுன "பாழடைந்த பங்களா" இருக்கு, "ஒற்றைக்கால் ஒற்றன்" இருக்கு. சந்தோசத்துல இருளப்பனுக்குக் காலைப் பலகாரமெல்லாம் வாங்கிக் குடுத்தேன். பஸ்ல உக்காந்துதான் உள்ள பிரிக்கறேன்.

முகமெல்லாம் பென்சில். ஒண்ணு ரெண்டு இல்ல, ஒரு பக்கம் விடாம, ஒரு முகம் விடாம, அச்சுல இருக்கற முகத்துக்கு மேலேயே அழுத்தி அழுத்தி வரைஞ்சு வச்சிருக்கு. ஜெயவீரனுக்கு நல்ல கூர் மூக்கு இருக்கும், அதைச் சப்பையாக்கி, கன்னத்துல ஒரு குழி. ரூபா சினிமா நடிகை கணக்கா இருப்பா. அவளுக்கு அகல முகம், மூக்குல ரெண்டு பக்கமும் மூக்குத்தி. வில்லனுக்கு ஒரு மீசை, கண்ணுக்குக் கீழ சதை தொங்குது. எவனோ வேலையத்த பய ஒருத்தன் இந்த வேலைதான்னு உக்காந்து பண்ணியிருக்கான். கோடு என்னமோ சுத்தமாத்தான் இருந்துச்சு, அதைச் சொல்லணும். இஷ்டத்துக்குக் கிறுக்கல. ஒவ்வொரு மூஞ்சியும் நம்ம கடைக்குத் துணி போட வர்ற ஆளுக மாதிரி இருந்துச்சு. அதனால என்ன? அடுத்தவன் படத்துல கை வைக்க இவன் யாரு?

அந்த ஐப்பசி கார்த்திகை பூரா எனக்கு அதுதான் வேலை. கடையைச் சாத்திட்டு வந்து உக்காந்தா ஒரு பக்கம், ரெண்டு பக்கம். அவசரப்பட முடியாது. வீட்டுல எல்லாரும் பிரட்டோட ஓரத்தைத் தின்னோம். எங்க வீட்டம்மா செண்பகம் அதை உப்புமா பண்ணினா, வடை பண்ணினா, கடைசியில பக்கத்து வீட்டு ஆட்டுக்குப் போட்டா. ஒருநாள் காப்பி கொண்டு வந்தவ பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டே இருந்தா. "இந்தப் பொம்பள எங்க மதினி மாதிரியே இருக்கா. இதை ஏன் எடுக்கறீங்க, அழகாத்தான இருக்கு, விட்டுருங்களேன்"னா. அவளுக்கு என்ன தெரியும்? படம்னா எது, கிறுக்கல்னா எதுன்னு வித்தியாசம் தெரியாதவ. போய் வேலையைப் பாருன்னுட்டேன். அந்த ரூபாவுக்கு மட்டும் கொஞ்சம் அதிகம் பிரட் செலவாச்சு. ரொம்ப அழுத்தி வரைஞ்சிருந்தான்.

ஒரே ஒரு புஸ்தகம் மட்டும் சரிப்பட்டு வரல. "நள்ளிரவு ரயில்". அட்டை இல்ல, கூரை ஒழுகி ஓரமெல்லாம் காப்பிக் கலர். இது தேறாது, எங்கிட்ட வேற நல்ல பிரதி இருக்குன்னு ஒதுக்கி வச்சேன். அந்தச் சமயத்துல எட்வின் கோவில்பட்டிக்கு ஏதோ கல்யாணத்துக்கு வந்தவன் வீட்டுக்கு வந்தான். இந்தா, உனக்குத்தான் குப்பை பிடிக்குமேன்னு தூக்கிக் குடுத்தேன். சும்மா குடுத்தேன் தம்பி, தானமா. அவன் அங்கேயே உக்காந்து பிரிச்சுப் பாத்தான். ரொம்ப நேரம் பாத்தான். "யார் அண்ணாச்சி இதுல வரைஞ்சது?"ன்னான். எவனோ ஒரு பொடியன்னேன். மத்ததெல்லாம் இப்படித்தான் இருந்துச்சான்னு கேட்டான். இருந்துச்சு, இப்ப இல்லைன்னேன். பெருமையாத்தான் சொன்னேன். அவன் மூஞ்சி போன போக்கைப் பாக்கணுமே. பொறாமை. வேற என்னவா இருக்கும்?

எல்லாம் முடிஞ்சு, ஒவ்வொண்ணுக்கும் கண்ணாடிக் கவர் போட்டு, தை பிறந்ததும் குருவையா வீட்டுக்குப் போனேன். அவர் சிவகாசியிலேயேதான் இருக்காரு, மகன் வீட்ல. முதல் புஸ்தகத்துல ஒரு கையெழுத்து வாங்கணும், அவ்வளவுதான் ஆசை. அவருக்கு இப்பக் கை நடுங்குது, ஒரு கோடு நேரா இழுக்க முடியாதுன்னு சொன்னாங்க. நடுங்குன கையெழுத்தா இருந்தாலும் பரவாயில்ல. வெத்தலை பாக்கு, பழம், ஒரு சால்வை எல்லாம் வாங்கிட்டுத்தான் போனேன். வெறுங்கையோட போகல.

மருமகதான் கதவைத் திறந்துச்சு. சேர் போட்டுக் காப்பி குடுத்துச்சு. பெரியவர் மெதுவா வந்து உக்காந்தாரு. ஒல்லியா, மீசை நரைச்சு, கண்ணு மட்டும் கூர்மை. நான் கும்பிட்டுட்டு, நான் உங்க ரசிகன், சின்ன வயசுல இருந்து படிக்கறேன், உங்க எல்லாப் புஸ்தகமும் எங்கிட்ட இருக்குன்னு சொல்லி முதல் புஸ்தகத்தைக் கையில குடுத்தேன்.

வாங்கிப் பாத்தாரு. அட்டையைத் திருப்பினாரு. பின்னட்டையில மூலையில ஒரு எண்ணெய்ப் பொட்டு, அதை மட்டும் என்னால எடுக்க முடியல. அந்தப் பொட்டைப் பெருவிரலால தடவினாரு. மருமகளை ஒரு பார்வை பாத்தாரு. அந்தப் பொண்ணு தலையைக் குனிஞ்சுக்கிச்சு. அப்புறம் உள்ள பிரிச்சாரு. ஒரு பக்கம் பாத்தாரு, அடுத்த பக்கம், அதுக்கடுத்தது. வேகமா புரட்டினாரு. எனக்கு மனசுக்குள்ள குளுகுளுன்னு இருந்துச்சு. இவ்வளவு சுத்தமா இருக்கேன்னு ஆச்சரியப்படறாருன்னு நினைச்சேன்.

"இதுல பென்சில் இருந்திருக்குமே"ன்னாரு.

"இருந்துச்சுங்கய்யா. எல்லாத்தையும் எடுத்துட்டேன். ஒரு பொட்டு அழுக்கில்லை பாருங்க"ன்னேன்.

"இதுல மட்டுமா?"

"எல்லாத்துலயும்யா. ரெண்டு மாசம் ஆச்சு. பூரா நானே உக்காந்து எடுத்தேன்."

புஸ்தகத்தை மூடினாரு. புஸ்தகத்தை என் பக்கமா நகத்தி வச்சாரு. நான் பேனாவைத் திறந்து நீட்டிக்கிட்டே இருக்கேன். "நீங்க கிளம்புங்க"ன்னாரு. அவ்வளவுதான். எந்திரிச்சு உள்ள போயிட்டாரு. நான் பாதிக் காப்பிதான் குடிச்சிருந்தேன், அந்தப் பொண்ணு டம்ளரை எடுத்துட்டுப் போயிருச்சு. சால்வை கூட மடிப்புக் கலையாம அப்படியே திரும்பி வந்துச்சு. ஒரு வீட்டுக்கு வந்த ஆளை இப்படியா அனுப்பறது? நான் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்தே வந்தேன். பெரிய ஆளுன்னா தலைக்கனம் இருக்கத்தான் செய்யும்னு சமாதானம் பண்ணிக்கிட்டேன். எட்வின் முந்தியே போயி என்னைப் பத்தி வத்தி வச்சிருப்பான்னுதான் நினைச்சேன்.

ஆனா அவன் அதுக்கப்புறம்தான் போயிருக்கான். நான் குடுத்த அந்த ஒழுகல் புஸ்தகத்தைத் தூக்கிட்டு. அதைக் கையில வாங்குன உடனே பெரியவர் அழுதாராம். எட்வினே குரூப்புல எழுதியிருந்தான், பெரிய கதையா. என்னன்னா, அந்தக் காலத்துல பருந்து காமிக்ஸ் முதலாளிக்குக் குருவையா வரையற முகம் பிடிக்காதாம். சந்தையில காய் வாங்க வந்த ஆளுக மாதிரி இருக்கு, இந்த மூஞ்சியை எவன் காசு குடுத்து வாங்குவான்னு கேப்பாராம். வேற ஒரு ஆளை வச்சு, இங்கிலீஷ் புஸ்தகத்தைப் பாத்து முகத்தை மட்டும் சின்னச் சின்னத் தாள்ல வரையச் சொல்லி, இவர் படத்து மேல ஒட்டி அச்சடிச்சிருவாராம். பாக்கி எல்லாம் இவரு. முகம் மட்டும் வேற ஆளு. ஒவ்வொரு மாசமும். இவர் பிள்ளைகுட்டிக்காரரு, வேலையை விட முடியல. அதனால ஒவ்வொரு புஸ்தகமும் வந்த உடனே, வீட்டுக்கு ஒரு பிரதி கொண்டுவந்து, ஒட்டுன முகத்துக்கு மேல தன்னோட முகத்தைத் திரும்ப வரைஞ்சு வச்சுக்குவாராம். பரண்ல ஒரு கட்டு இருந்துச்சு, வெள்ளையடிச்சப்போ போயிருச்சுன்னு சொல்லியிருக்காரு.

என்ன அப்படிப் பாக்கறீங்க?

எனக்கு எப்படித் தம்பி தெரியும்? அதுல பேரு எழுதியிருந்தாரா? தேதி போட்டிருந்தாரா? ஒரு வார்த்தை, "இது நான் வரைஞ்சது"ன்னு எழுதி வச்சிருந்தா நான் தொட்டிருப்பேனா? மத்தப் பொடிப்பயலுக எல்லாம் ஜில்லா வரைக்கும் எழுதறாங்க, இவருக்கு ஒரு கையெழுத்துப் போடத் தெரியலையா? தூக்கிப் போட்டது அவர் மருமக. எடை போட்டது இருளப்பன். எல்லாரையும் விட்டுட்டு சுத்தம் பண்ணினவனைப் பாக்கறீங்க.

இன்னொண்ணு கேளுங்க. இந்தக் கண்காட்சிக்கு என்ன பேரு வச்சிருக்கான் தெரியுமா? "குருவையாவின் முகங்கள்". அந்த ஒரு புஸ்தகத்தை, நான் தேறாதுன்னு தூக்கிப் போட்டதை, பக்கம் பக்கமா ஆள் உயரத்துக்குப் பெருசு பண்ணிச் சுவரெல்லாம் மாட்டியிருக்கானாம். உலகத்துலயே அது ஒண்ணுதான் மிச்சமாம். குரூப்புல எல்லாரும் கேக்கறாங்க, மத்தது எங்க போச்சுன்னு. எட்வின் என்ன போட்டான் தெரியுமா? "யாரோ தெரியாம அழிச்சிட்டாங்க"ன்னு. யாரோவாம். பேரு இல்லாத ஆளா நான்? அதை உனக்குக் குடுத்தது யாருடா? என் பேரைச் சொல்ல அவனுக்கு வாய் வரல பாருங்க. நன்றி கெட்டவன். போன் போட்டுக் கேட்டேன், ஏண்டா என் பேரைச் சொல்லலைன்னு. "வேண்டாம் அண்ணாச்சி"ன்னான். வச்சுட்டேன்.

அதான் கிளம்பிட்டேன். புஸ்தகம்னா அச்சுல வந்ததுதான் புஸ்தகம். நான் சின்ன வயசுல சலூன்ல உக்காந்து படிச்சது அந்தக் கூர் மூக்கு ஜெயவீரனைத்தான். எனக்கு அவன்தான் ஜெயவீரன். இதை மேடையில ஏறியே சொல்லுவேன். எனக்கென்ன பயம்?

விருதுநகர் தாண்டிருச்சு. வெயில் நல்லா சாஞ்சு உள்ள விழுது இப்ப. இருங்க.

இதைக் கொஞ்சம் பாருங்க. கவரை எடுத்துட்டேன். முதல் புஸ்தகம், ஆறாம் பக்கம். ரூபா கதவுக்குப் பின்னால நிக்கறா பாருங்க. அழுத்தி வரைஞ்ச பென்சில்னா கோடு போனாலும் தாள்ல பள்ளம் இருக்கும்னு ஒருத்தன் சொன்னான். வெளிச்சத்தைச் சாச்சு விட்டா தெரியுமாம். வீட்டுல டார்ச் வச்சுப் பாத்தேன், லென்ஸ் வச்சுப் பாத்தேன். எனக்கு ஒரு கண்ணுல ஆபரேஷன் ஆயிருக்கு. செண்பகத்தைப் பாக்கச் சொன்னேன், அவ பாக்க மாட்டேன்னுட்டா. ஒரு முகம், ஒண்ணே ஒண்ணு தடம் இருந்தாக்கூட அவர்கிட்ட காட்டிருவேன். இந்தாங்கய்யா, இருக்குன்னு சொல்லிருவேன். கண்ணாடி இல்லாத கண்ணு உங்களுக்கு, பிடிங்க.

கை பிசுபிசுன்னு இருந்தா இருக்கட்டும். பாகு ஒட்டினா ஒட்டட்டும். தொடைச்சுக்கிட்டு நேரத்தை ஓட்டாதீங்க, வெயில் திரும்பிரும். இப்படிச் சாச்சுப் பிடிங்க. கன்னத்துப் பக்கம் பாருங்க. மூக்குத்தி இருந்த இடம், ரெண்டு பக்கமும். அங்கதான் ரொம்ப அழுத்தியிருந்தாரு.

இல்லையா?

நல்லாப் பாருங்க. சும்மா பாத்துட்டு இல்லைன்னு சொல்லக்கூடாது. அடுத்த பக்கம் திருப்புங்க. அதுலயும் பாருங்க. நான் லேசாத்தான் தேய்ச்சேன் தம்பி. மல்துணி போட்டுத்தான் தேய்ச்சேன். ரொம்ப லேசாத்தான்.